தானாக உட்கார்ந்தவன்

பக்கத்து வீட்டு விம் வாரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். ஓய்வு பெற்ற தபால்காரர். மழையைப் பற்றிப் பேசுவார், முட்டியில் வலி என்பார், தன் மகள் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொல்வார். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளாலும் தன் தொடைகளில் ஒரு தட்டுத் தட்டி, "ஸோ" என்பார். அவ்வளவுதான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நான் ஏதோ தப்பாகச் சொல்லி அவர் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஹாலந்தில் எல்லாரும் இப்படித்தான். வந்தவர் முடிந்தது என்று தானே அறிவித்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் அது நடக்குமா? "வர்றேன்" என்று சொன்னவர், வீட்டுக்காரர் "போய்ட்டு வா" என்று சொல்லும்வரை வாசற்படியிலேயே நிற்பார். சொல்ல மறந்துவிட்டால் இன்னொரு முறை "வர்றேன்" என்பார். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். என்னைப்போல் வெளியே கிடப்பவர்களுக்குப் புரியும்.

என் பிழைப்பே இந்த வகைச் சில்லறைச் சமாச்சாரங்களில்தான் ஓடுகிறது. மொழியையும் மனத்தையும் பற்றிய தத்துவம் என்று அதற்குப் பெரிய பெயர். கால்வாய்கள் ஓடும் ஒரு பழைய நகரத்தில், பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். குளிர்காலத்துக் காலைகளில் சைக்கிளில் போகும்போது, வயலும் நீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துபோய், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அப்போது ஒரு கணம் நான் பழவேற்காட்டு ஏரியில் இருப்பேன். அங்கேயும் விடிகாலையில் அப்படித்தான். படகு நீரில் போகிறதா வானத்தில் போகிறதா என்று நானும் தம்பி ஏழுமலையும் சண்டை போட்டிருக்கிறோம். பின்னால் வருகிறவர் மணியடித்ததும் சைக்கிளை ஓரமாக ஒதுக்குவேன்.

கோட்டைக்குப்பத்தை அடுத்த சிறிய குப்பம் எங்களுடையது. ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவன் வலை வைக்க முடியாது. முகத்துவாரத்தருகே இறால் ஓடும் வழியில் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு; தலைக்கட்டு இருந்தால்தான் பாடு. பருவத்துக்கு முன்னால் கோயிலடியில் கூட்டம் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். அதற்கு முன் அவனவன் எழுந்து நின்று தனக்குப் பாடு வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருக்க வேண்டும். தலைவர் சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "ஆச்சு, உக்காரு" என்பார். அதற்குப் பிறகுதான் உட்காரலாம். அவர் சொல்லுமுன் ஒருவன் தானாக உட்கார்ந்தால், அவன் தன் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று பொருள். அந்தப் பருவத்துக்கு மட்டும் அல்ல, எப்போதைக்கும். வயதாகி ஏரிக்குப் போக முடியாமல் போன வருஷம் என் நைனா அப்படித்தான் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

இதைத்தான் நான் உலகத்துக்கு விற்றேன். சென்னையில் எம்.ஏ. முடித்து, உதவித்தொகையில் இங்கிலாந்துக்குப் போய் ஆராய்ச்சி செய்தபோது, என் துறையில் பெரியவர்கள் பலர் ஒரு சொல்லின் பலம் சொல்பவன் மனத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் எண்ணியது எதுவோ அதுதான் அவன் செய்தது என்றார்கள். நான் எங்கள் கோயிலடியைக் காட்டினேன். கேட்பவன் கேட்டு முடித்தாலும் அது இன்னும் கேட்டதாகாது, எதிரே இருப்பவர் ஏற்றுக்கொண்டால்தான் ஆகும், உட்கார்ந்தவன் மனத்துக்குள் என்ன எண்ணியிருந்தாலும் சபைக்கு அது கணக்கில்லை என்றேன். கட்டுரை ஓடியது. "புலிகாட் உதாரணம்" என்று பழவேற்காட்டின் ஆங்கிலப் பெயரிலேயே அதற்கு ஒரு பெயர் நிலைத்தது. எங்கள் ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களெல்லாம் அடிக்குறிப்பில் அதை எழுதினார்கள். முதன்முதலில் அதை மாநாட்டில் படித்த அன்று, முன்வரிசையில் இருந்த வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கேட்டார்: "உங்கள் ஊரில் யாராவது மறந்துபோய் உட்கார்ந்துவிட்டால்?" நான் யோசிக்கவே இல்லை. "மறந்துபோய் உட்காருகிறவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்க முடியாது" என்றேன். அரங்கம் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வருஷங்கள் போயின. ஒப்பந்த வேலை, இன்னொரு ஊர், மறுபடி ஒப்பந்த வேலை என்று அலைந்து, கடைசியில் இங்கே பேராசிரியர் பதவி கிடைத்தது. இந்த நாட்டில் பதவி ஏற்கும் பேராசிரியர் ஊரைக் கூட்டி ஓர் உரை நிகழ்த்த வேண்டும். கறுப்பு அங்கி, தொப்பி, முன்னால் வெள்ளிக் கோல் பிடித்து வழிநடத்தும் பெடல் என்கிற அதிகாரி, எல்லாம் உண்டு. உரையின் கடைசி வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான்: "இக் ஹெப் ஹெஸெக்ட்." நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். சொன்னதும் மேடையிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக் கூடத்தில் தினமும் பயிற்சி எடுத்தேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லிச் சோபாவில் சட்டென்று உட்கார்வேன். "அது நல்லாருக்குங்க, பாத்துக்கினே இருக்கலாம்" என்பாள் என் மனைவி சுமதி. பொன்னேரிக்காரி, பாராட்டுகிறாளா கிண்டல் செய்கிறாளா என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை கூப்பிட்டான். நான் இல்லாத வருஷங்களில் என் பெயரில் விழும் பாட்டுக்கு அவன்தான் வலை வைக்கிறான். எனக்காக அவன் எழுந்து நிற்பதை ஊரும் ஏற்றுக்கொண்டிருந்தது. இப்போது குப்பத்தில் தலைக்கட்டு கூடிவிட்டது, இடம் நெருக்கடி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போனவர்கள், சென்னையில் தங்கிவிட்டவர்கள், என்னைப்போல் கடல் தாண்டியவர்கள் எல்லாரும் இந்த முறை நேரில் வந்து கேட்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. வராதவர் பெயர் போகும்.

"மீனுக்காகச் சொல்லலண்ணா," என்றான் ஏழுமலை. "உன் பேரு இருக்கற வரைக்கும்தான் ஊர்ல கேக்கறவங்களுக்கு நீ வெளிய போயிருக்கறனு சொல்வேன். பேரு போச்சுனா இன்னானு சொல்றது?"

நான் கிளம்பிவிட்டேன். மூளைக்கு அது வெறும் உரிமைப் பிரச்சினை. நெஞ்சுக்கு அப்படி இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான், இங்கே நான் வாழ்வது தற்காலிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைப் பக்கம் நடந்தேன். சின்ன வயதில் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து இலந்தைப்பழம் தின்றிருக்கிறோம். செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவியிருக்கிறேனே தவிர, என்ன என்று தெரியாது. இப்போது டச்சு தெரிந்ததால் முதல்முறையாக அவற்றைப் படித்தேன். இங்கே கிடக்கிறார், இன்னார், இன்ன ஊரில் பிறந்தவர் என்றிருந்தது. அந்த ஊர் நான் வேலை பார்க்கும் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். அங்கே எனக்கு ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். காற்று ஏரிப் பக்கமிருந்து உப்பும் சேறுமாக வீசியது. அந்த மனிதருக்கு ஊரில் யாராவது பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தார்களா என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். கனவில் நிற்பதுபோல் கால் மரத்துப்போனது.

மறுநாள் காலை கோயிலடியில் கூட்டம். தலைவர் தேசப்பன் மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்தேன். சும்மா "பாடு வேணும்" என்றால் போதும். ஆனால் எனக்குப் பேச வந்துவிட்டது. நைனாவைப் பற்றிச் சொன்னேன். ஏரியைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருந்தாலும் நான் இந்தக் குப்பத்துத் தலைக்கட்டுதான் என்றேன். குரல் உடைந்தது, பொய்யாக அல்ல, நிஜமாகவே. சிலர் துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நன்றாகப் பேசிவிட்ட திருப்தி. "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சபை அப்படியே இருந்தது. யாரோ இருமினார்கள். கேள்விகளுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இருபது வருஷமாகப் பேசிவிட்டு உட்கார்வதும், பிறகு யாராவது கேள்வி கேட்பதும்தானே என் வாழ்க்கை. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்ன என்று புரிந்தது.

"சரி. பெரியவன் வுட்டுட்டான்," என்றார் தேசப்பன் மாமா மெதுவாக. "அடுத்தவன் யாரு?"

எழுந்தேன். "மாமா, நான் வுடல. வேணும்னுதான் கேட்டேன்."

"நீ கேட்டத யாரு இல்லன்னா? நல்லாத்தான் கேட்ட. ஆனா உக்காந்துட்டியே." அவர் முகத்தில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "மனசுல இருந்தது வேறனு அப்பறமா வந்து சொல்றவன் பேச்ச எடுத்துக்கறது இல்ல. உனக்குத் தெரியாததா? அதப் பத்தி நீதான் புக்கே எழுதிக்கினு இருக்கறியாம், ஏழுமல சொல்வான்."

அவர் சொன்னது என் கட்டுரையின் சாரம். வெள்ளைத் தாடிக்காரருக்கு நான் சொன்ன பதிலும் அப்போது நினைவுக்கு வந்தது. மறந்துபோய் உட்காருகிறவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்க முடியாது.

கூட்டம் முடிந்து நானும் தம்பியும் படகடிக்கு நடந்தோம். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. வலையில் சிக்கியிருந்த பாசியைக் கிள்ளிக்கொண்டே, "இன்னாண்ணா இது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அதையே சொன்னான். தூரத்தில் பூநாரைகள் நீரில் நின்றன. நான் அழுதேன். அவன் பார்க்காததுபோல் இருந்துகொண்டான்.

திரும்பி வந்த இரண்டாம் வாரம் உரை. பெடல் வெள்ளிக் கோலைத் தரையில் தட்ட, அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். டச்சு மொழியில்தான் பேசினேன். நடுவில் புலிகாட் உதாரணமும் வந்தது. எழுதி வைத்திருந்ததை மாற்றவில்லை. மாற்றத் தெம்பு இல்லை. உயரமான கண்ணாடி ஜன்னல்கள் வழியாக மங்கிய வெளிச்சம் இறங்கி, அரங்கம் முழுக்க நீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. என் குரலே எங்கிருந்தோ கேட்டது. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். "இக் ஹெப் ஹெஸெக்ட்."

கைதட்டினார்கள். இறங்க வேண்டும். என் கால்கள் வரவில்லை. மயக்கமும் இல்லை, பயமும் இல்லை. உட்கார்ந்தால் இதுவும் போய்விடும் என்று உடம்பு நின்றது. கைதட்டல் ஓய்ந்தது. அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன, நான் அவர்களைப் பார்த்தேன். அவர்களில் யாராவது ஒருவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட மாட்டார்களா என்று நின்றேன். பெடல் அம்மையார் மேடைப்படி ஏறி வந்து என் முழங்கையைத் தொட்டு, "முடிந்துவிட்டது ஐயா, இறங்கலாம்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் முடிந்தது என்பது வேறு. அவர் என் கையைப் பிடித்து இறக்கி, அப்படியே ஊர்வலத்தின் முன்னால் நிறுத்தி என்னை வெளியே கூட்டிப்போனார். நாற்காலியில் நான் உட்காரவே இல்லை.

விருந்தில் விம் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார். "சர்க்கரை குறைந்துவிட்டதா? என் மைத்துனருக்கும் இப்படித்தான் ஆகும்" என்றார். ஆமாம் என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

காற்று வேண்டும் என்று அங்கியோடு வெளியே கால்வாயோரம் வந்தேன். பாலத்தடியில் நீர் அசையாமல் கிடந்தது. கைப்பேசியில் ஏழுமலையின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. உரையை நேரலையாகக் காட்டுவார்கள் என்று சுமதி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். காதருகே வைத்துக் கேட்டேன். பின்னால் கோயிலடிச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், ஒரு நாய் குரைக்கிறது.

"ண்ணா, பாத்தோம். எல்லாருமா கோயிலாண்ட உக்காந்து பாத்தோம். நீ பேசினது ஒண்ணும் புரியல. கடசில இன்னாத்துக்குடா அப்டியே நிக்கறான்னு தேசப்பன் மாமா கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்க ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல போலக்குது." நடுவில் அந்த நாயை அதட்டினான். "அதான் நானே இங்கேர்ந்து சொல்ட்டேன். ஆச்சுண்ணா. உக்காரு."

கால்வாய்க்கு இறங்கும் கல்படியில், பேராசிரியர் அங்கியோடு, நான் உட்கார்ந்தேன்.