அம்மா பக்கத்துக் கண்ணாடி

அம்மா இருபத்தேழு வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டாள். தரைத்தளத்துக்குக் கீழே இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு மின்விசிறிகளும் நீராவியைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அங்கே நாளெல்லாம் விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் தேய்த்துவிட்டு வருவதால் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டாள். அப்பாவும் நானும் கசங்கின துணியோடுதான் ஊரைச் சுற்றினோம்.

ஷிஃப்ட் முடிந்து படியேறி வரும்போது அவள் முகம் வெந்துபோய் இருக்கும். வாசலில் அப்பா எங்கள் பழைய காரோடு நிற்பார். ஏறி உட்கார்ந்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை, “கொஞ்சம் இறக்குங்க.”

அவளே கண்ணாடியை இறக்கிக்கொள்ள முடியாது. அதற்குக் காரணம் அப்பா. அவர் கார் எலக்ட்ரீஷியன். ஒருமுறை ஓட்டுநர் கதவில் இருந்த சுவிட்ச் தேய்ந்துபோனது. அந்த மாடலுக்குப் புது சுவிட்ச் கிடைக்கவில்லை. அம்மா பக்கத்துக் கதவில் இருந்ததைக் கழற்றித் தன் பக்கம் மாட்டிக்கொண்டார். அவள் கதவுக்குள் இருந்த கம்பிகளைச் சுவிட்ச் இல்லாமலே ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். அதோடு அந்தக் கண்ணாடி அவர் விரலுக்கு மட்டும்தான் ஏறி இறங்கியது. கதவில் விழுந்த ஓட்டைக்குக் கறுப்பு டேப் ஒட்டினார். அடுத்த வாரம் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். அந்த அடுத்த வாரம் வருவதற்குப் பதினோரு வருடம் ஆனது.

“ஊர்க் காருக்கெல்லாம் வைத்தியம், வீட்டுக் காருக்கு மட்டும் பிளாஸ்திரி,” என்று அம்மா அந்த டேப்பைத் தட்டிக் காட்டுவாள்.

“நீ வாயைத் திறந்தா போதும், நான் இறக்கிவிடறேன். மகாராணிக்குன்னு தனியா ஆள் போட்டிருக்கு.”

“ஆள் பாதிதான் இறக்கறாரு. மகாராணி முழுசா கேக்கறா.”

“தூசி வரும்.”

“வரட்டும். ஆவியைவிடத் தூசி தேவலை.”

அப்பா இன்னும் இரண்டு விரற்கடை இறக்குவார். முழுதாக ஒருநாளும் இறக்கியதில்லை. சளி பிடிக்கும், காது வலிக்கும் என்று எதையாவது சொல்வார். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கு இருந்த பயமெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் போய் நின்றது.

ஓய்வு பெற்ற நான்காம் மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இஸ்திரி பிடித்த வலது கையும், வலது காலும், பேச்சும் போயின. மூன்று வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வழியில் அவள் “ம்… ம்…” என்று முனகத் தொடங்கினாள். அப்பா காரை ஓரம் கட்டினார். தண்ணீர் கொடுத்தோம், தள்ளிவிட்டாள். சீட்டைச் சாய்த்தோம், தலையை ஆட்டினாள். இடது கையால் கதவை அடித்தாள். இறங்கப் பார்க்கிறாள் என்று நினைத்து அப்பா கதவைப் பூட்டினார். கடைசியில் சோர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்த பிறகு அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கண்ணாடி,” என்றார் என்னிடம். “கண்ணாடியை இறக்கச் சொல்லியிருக்காம்மா. அவ அடிச்சது டேப்பை.”

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. பின்கதவில் அதிகம் யாரும் தொடாத சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைக் கழற்றினார். உள்ளே கறுத்திருந்த செம்பு முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அம்மா கதவின் உள் அட்டையைப் பிரித்து, முறுக்கின கம்பிகளை வெட்டி, சுவிட்சை அவள் இடது கைக்கு எட்டும்படி மாட்டினார். அவளைத் தூக்கி வந்து உட்கார வைத்தார்.

“அமுக்கு. முன்பக்கம் அமுக்கினா இறங்கும்.”

அவள் அமுக்கினாள். இறங்கவில்லை. பின்பக்கம் அமுக்கினாள், சரசரவென்று அடிவரை இறங்கியது. கம்பி இரண்டும் மாறிப்போயிருந்தது. முப்பத்தைந்து வருட எலக்ட்ரீஷியன் தன் வீட்டுக் காரில் கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அப்படியே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் அவளே கண்ணாடியை முழுதாக இறக்கிக்கொள்வாள். நன்றாக இருக்கிறதா என்று அப்பா கேட்பார். அவள் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துவிடுவாள்.

ஆறாவது வாரம் திரும்பும்போது மழை பிடித்தது. அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். நெஞ்சில் சளி சேரவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“கையை உள்ள எடு,” என்று அப்பா ஏற்றினார். அவள் இறக்கினாள். மறுபடி ஏற்றினார். மறுபடி இறக்கினாள்.

“குழந்தையா நீ?”

பின்சீட்டில் இருந்த நானும் சொன்னேன், “அப்பா, பூட்டிருங்க.”

ஓட்டுநர் கதவில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. பிள்ளைகள் கண்ணாடியோடு விளையாடாமல் இருக்க வைத்தது. அதை அமுக்கினால் மற்றக் கதவுகளின் சுவிட்சுகள் செத்துவிடும். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை அமுக்கினார்.

அம்மா பழகிய பக்கம் அமுக்கினாள். பிறகு, தான்தான் மறந்துவிட்டோமோ என்பதுபோல் மறுபக்கம் அமுக்கினாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையை எடுத்து, மடியில் கிடந்த மற்றக் கையின்மேல் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்ததும் அப்பா பூட்டை எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவள் கை சுவிட்ச் பக்கம் போகவேயில்லை.

“அமுக்கிப் பாரேன். வேலை செய்யுது,” என்றார் அப்பா.

அவள் மூடிய கண்ணாடி வழியாகவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அப்பாவே இறக்கினார். அடிவரை இறக்கினார். அவள் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. அம்மா பிழைக்கவில்லை.

எல்லாரும் வந்துபோன பிறகு, ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

“அன்னைக்கு மழையில… நான் பூட்டினதுக்கு அப்புறம் அவ அமுக்கினாளாம்மா? நீ பின்னாடிதான இருந்த.”

“இல்லப்பா. அம்மா தூங்கிட்டாங்க.”

“க்ளிக், க்ளிக்குனு கேட்ட மாதிரி இருந்துச்சு.”

“வைப்பர் சத்தமா இருக்கும்ப்பா.”

அந்த வைப்பரை மாட்டியவரும் அவர்தான். அது எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும்.

“இருக்கும்,” என்றார்.