படிப்பகத்துச் சுவரின் நடு முகம்

காலை பத்தேகால். கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஆக்சிஜன் மெஷின். கட்டில் காலை ஒட்டி நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய குழாயைக் கண் தொடர்ந்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன்.

தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு அது. அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; பாறைத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. ஸ்கெலட்டன் குடியிருப்பில் உள்ள படிப்பகத்தின் சுவரில், கேஜ் என்னும் இரும்புக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்றபடி ஷாஃப்ட்டின் செங்குத்துக் குழியில் இறங்கும் தொழிலாளர்களை வரைந்தவர் என்று ஊரே அவரைச் சொல்லும். படத்தின் மூலையில் அவர் பெயர் இருக்கிறது. படிப்பகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே பெயர்ப்பலகை வைப்பதற்கு முன் அவர் பேச்சைப் பதிவு செய்வது என்று ஏற்பாடு.

என்னோடு வந்தது பெங்களூரில் கலை வரலாறு படித்துவிட்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் இருவர், ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும். படத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஆளிடம் கேள்வி கேட்கக் கற்றுத்தருவது, செய்தித்தாளை விட்டபின் நான் செய்யும் வேலை.

ஒலிப்பதிவுக் கருவியை வைத்ததும் அந்தப் பெண் கேட்டாள்: “இந்த மெஷின் சத்தம் பதிவுல விழுமே. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணலாமா?”

கட்டிலருகே நின்ற அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். “இன்னாமா சொல்ற நீ?”

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. “அத்த ஆஃப் பண்ணா நானும் ஆஃப்புதான். பரவாலயா?”

மெஷின் ஓடியபடியே பதிவு தொடங்கியது.

வண்ணம், தூரிகை, ஏறி நின்று வரைந்த சாரம் என்று பேச்சு போயிற்று. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, மனைவி குடத்தோடு வெளியே போனார். பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கக் கூடாது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இளைஞர் நேராகக் கேட்டுவிட்டார்: “நடுவுல இருக்கிற முகம் மட்டும் வேற கை மாதிரி இருக்கே. ரெண்டு பேர் வரைஞ்சதா?”

அவர் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“கண்டுக்கினியா? அந்த மூஞ்சி நான் போட்டதில்லபா. படமே அவனுதுதான். என் ஷிஃப்ட்டுக்காரன். நடு மூஞ்சிய முடிச்சான், மறு வாரம் கீழ பாற வெடிச்சி போயிட்டான். அவன் கோடு போட்டு வெச்ச மிச்சத்துக்குப் பெயிண்ட் அடிச்சது நானு. பேரு போடு, பேரு போடுன்னாங்க. போட்டேன்.”

நண்பரின் பெயரையும் சொன்னார். பிறகு, “பலகையில அவன் பேர வைங்க” என்றார். குடம் வாசலில் இடிக்கும் சத்தம் கேட்டதும் தண்ணீர் கேட்டார்.

பேசியவர் தன் பதிவைக் கேட்டுச் சம்மதித்த பிறகே அது வெளியே போகும். அவரால் முடியாவிட்டால் குடும்பத்தார் முடிவு செய்வார்கள். இதை முதலிலேயே கணவன் மனைவி இருவரிடமும் சொல்லியிருந்தோம். பதிவைப் போட்டுக்காட்ட நாங்கள் திரும்பி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அதனால் மனைவியே கேட்டார். பதிவு ஓடத் தொடங்கியதும் முதலில் வந்தது மெஷின் சத்தம். அவர் சட்டென்று மூலையைப் பார்த்தார். மெஷின் அங்கே துண்டால் மூடிக் கிடந்தது. கணவர் சிரித்த இடத்தில் அவரும் லேசாகச் சிரித்தார். நடு முகம் பற்றிய பேச்சு வந்தபோது அசையாமல் இருந்தார்.

முடிந்ததும், “தண்ணி புடிக்கப் போன நேரமா பாத்து சொல்லிக்கீறாரு” என்றார்.

எழுந்துபோய் மெஷின் மேலிருந்த துண்டைச் சரிசெய்தார்.

“எங்கப்பா மாப்ள பாக்க வந்தப்போ, இந்த வூட்டுல காட்ட இன்னா இருந்திச்சி? அந்தச் செவுத்தாண்ட இட்டுனு போயிதான் காட்னாங்க. இது மாப்ள போட்ட படம்னு. அத்தப் பாத்துதான் என்னக் குடுத்தாரு.” இளைஞரைப் பார்த்தார். “அழிச்சிடுபா.”

“அம்மா, அந்தப் பகுதிய மட்டும் வெட்டிடலாம்.”

“வெட்டாத. அவரு பேச்சுல கைய வைக்காத. முழுசா எனக்குக் குடு. உங்கிட்ட இருக்கறத அழி.”

வெளியே வந்ததும் இளைஞர் என்னிடம், “சார், யார் வரைஞ்சதுன்னு நமக்கு இப்போ தெரியும். தெரிஞ்சும் விட்டுடறதா?” என்றார். அந்தப் பெண், “அவர் அந்தப் பேரத்தானே வைக்கச் சொன்னார்?” என்றாள். முடிவு அந்த அம்மாவுடையது, அதை முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்றேன். திரும்ப உள்ளே போனோம். பதிவை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தோம். எங்களிடம் இருந்ததை அவர் பார்க்க இளைஞர் அழித்தார். நாங்கள் கிளம்பும்போது அவர் போனைக் காதில் வைத்திருந்தார்.

மறுமாதம் படிப்பகத்தைத் திறந்தார்கள். சுவரின் கீழே பலகை இருக்கிறது. அதில் ஒரு பெயர், படத்தின் மூலையில் இருக்கும் அதே பெயர்.