வலிக்காத புண்

கர்ப்பமான ஆறாம் மாதத்தில் என் கீழுதட்டின் உட்புறம் ஒரு புண் வந்தது. பருப்பளவு இருக்கும். ஓரம் கெட்டியாக, நடுவில் சிவந்து வழவழப்பாக இருந்தது. காரம் பட்டாலும் எரியவில்லை. அதனால் முதலில் கண்டுகொள்ளவில்லை.

அப்போது நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை எனக்கு. பக்கத்து மேஜை அக்கா, "சூட்டுப் புண்ணு கண்ணு, மோர் நெறையக் குடி" என்றார். குடித்தேன். புண் ஆறவில்லை. துணியைப் புரட்டும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் நாக்கு அங்கேயே போய்த் தடவியது. ஒருநாள் முகம் கழுவுகையில் தாடைக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதுவும் வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாதச் செக்கப் முடிந்து கிளம்பியவள், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"ஏனுங்க சிஸ்டர், வாயில ஒரு புண்ணு இருக்குதுங்க."

நர்ஸ் கையுறை போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

"எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குமுங்க."

அவர் என் உள்ளங்கைகளையும் பாதங்களையும் திருப்பிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவை அழைத்துவந்து கதவைச் சாத்தினார்.

"உடலுறவுல பரவுற நோய் வாயிலயும் இப்படி வரலாம்மா. புண்ணு வலிக்காம இருக்கறதாலதான் சந்தேகப்படறேன். ரத்தம் எடுத்துப் பாத்தரலாம்."

"மூணாம் மாசமே எடுத்தாங்களேங்க? ஒண்ணுமில்லைன்னுதானுங்களே சொன்னாங்க?"

"அதுக்கப்பறம் வந்திருக்கலாம்."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அலைந்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மூன்றாம் மாதத்துக்குப் பின் கணவர் வீட்டில் இல்லாத நாட்களை மனது கணக்கெடுத்தபடியே இருந்தது. ரிசல்ட்டில் சிபிலிஸ் என்று வந்தது. குழந்தைக்கும் போகும், ஆனால் இப்போதே ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. கணவருக்கும் கட்டாயம் போட வேண்டும், அதுவரை சேரக் கூடாது என்றார்.

கணவர் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் ரிசல்ட் சீட்டை நீட்டினேன். படித்தவர் தலை நிமிரவில்லை.

"ஒரே ஒரு தடவைதான் புள்ள."

"எத்தன தடவைன்னு நான் கேக்கலீங்க. எப்ப ஊசி போட வர்றீங்கன்னு சொல்லுங்க."

மறுநாளே வந்தார். ஆளுக்கொரு அறையில் ஊசி போட்டார்கள். எனக்கு இடுப்பு கல்லாகிவிட்டது. மாலையில் காய்ச்சல். குழந்தை அசையவில்லையோ என்று பயந்து ஆட்டோ பிடித்துத் திரும்பவும் ஓடினேன். வயிற்றில் கருவியை வைத்து இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார் நர்ஸ். அதைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது. அடுத்த வாரம் இன்னொரு ஊசி. புண் தழும்பில்லாமல் ஆறியது.

மகள் நல்ல எடையோடு பிறந்தாள். பிறந்தவுடனும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. கடைசியில், "இனி வர வேண்டாம்மா, குழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்றார்கள்.

வெளியே நின்றிருந்த கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடிக்க வந்தார். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன். இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் வர ஐந்து நிமிடம் தாமதமானாலும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை.