பௌர்ணமிக்கும் பூட்டாத பால்வாடி

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதப் பௌர்ணமியன்று நடந்தது இது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு ஓர் இட்லிக் கடை உண்டு. மற்ற நாளில் காலையோடு முடிந்துவிடும் வியாபாரம், பௌர்ணமி என்றால் மதியம் தொடங்கி விடியும்வரை ஓயாது. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். கடைக்கும் நான்தான், மூன்று வயது மகளுக்கும் நான்தான்.

சாதாரண நாளில் எனக்குக் கவலையே இல்லை. தெருக்கோடியில் பால்வாடி இருக்கிறது. பாட்டு, களிமண் பொம்மை, முட்டையோடு சோறு, பிறகு ஒரு தூக்கம் என்று பிள்ளை சந்தோஷமாக இருப்பாள். "டீச்சர் சொன்னாங்க" என்று அவள் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆனால் எனக்கு அது ரொம்பத் தேவைப்படும் பௌர்ணமியன்றுதான் பிள்ளைகளுக்கு லீவு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கிரிவலம் வருகிறவர்களுக்குப் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும் எங்கள் ஊர்க் குழுவுக்கு, அரிசி மூட்டையும் அண்டாவும் வைக்க அந்தக் கட்டிடத்தை விட்டுக் கொடுப்பது வழக்கம். சாமி காரியமாயிற்றே, நாங்களும் வாயைத் திறந்ததில்லை. பழைய புடவையைக் கிழித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு முனையைக் கடையின் மூங்கில் காலிலும் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். பூக்கடைக்காரி, இளநீர்க்காரி எல்லோரும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் ஒரே கூட்டம். இட்லித் தட்டை இறக்கிவிட்டுத் திரும்பினால், மூங்கில் காலில் துணி மட்டும் தொங்குகிறது. பிள்ளையைக் காணோம்! அடுப்பை அப்படியே போட்டுவிட்டு, பெயரைக் கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினேன். பலூன்காரரைக் கேட்டேன், போலீஸ்காரரைக் கேட்டேன், ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஏதோ தோன்றி, பால்வாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.

மூட்டைகளுக்கு நடுவே, தினமும் உட்காரும் அதே மூலையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் மகராசி. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாம்பார் அண்டா அவள் முட்டிக்குப் பக்கத்தில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "டீச்சர் எங்கம்மா? இன்னும் பாட்டே சொல்லித் தரல" என்று கோபமாகக் கேட்டாள். வாரி எடுத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்!

அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு கடையாகப் போய்ப் பேசினேன். டீச்சரிடமும் சொன்னேன். "நான் தொறக்க எப்பவும் ரெடிதாம்மா, ஊர்ல கேட்டா எப்படி மாட்டேன்றது?" என்றார். அடுத்த பௌர்ணமி காலையில், அரிசி வண்டி வருவதற்கு முன்பே அம்மாக்கள் எல்லோரும் பிள்ளைகளோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம்.

அன்னதானக் குழுவின் பெரியவர் வந்தார். "இன்னாம்மா இது, சாமி காரியத்துல வம்பு பண்றீங்க?" என்றார். நான் விடவில்லை. "எங்கிருந்தோ வர்றவங்க பசியோட போகக் கூடாதுன்னு பாக்கறீங்க, நல்லதுதாங்க. அதுக்கு நம்ம புள்ளைங்கள கயித்துல கட்டிப் போடணுமா? போன மாசம் என் பொண்ணு அண்டாவுல வுழுந்திருந்தா அந்தச் சோறு யாருக்குங்க எறங்கும்?"

அவர் வாசல்படி தாண்டி உள்ளே கால் வைத்தார். உடனே ஒரு குட்டிக் குரல்: "தாத்தா, செருப்ப வெளிய வுடு. டீச்சர் திட்டுவாங்க!"

அது அவருடைய சொந்தப் பேரன். எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டோம். பெரியவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். வெளியே திரும்பி, "டேய், மூட்டைய பந்தலாண்ட எறக்குங்கடா!" என்று சத்தம் போட்டார். ஐயோ, எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. டீச்சர் பாட்டை ஆரம்பிக்க, பிள்ளைகளைவிட நாங்கள்தான் உரக்கப் பாடினோம்.

அன்றிலிருந்து எந்தப் பௌர்ணமிக்கும் பால்வாடி பிள்ளைகளுக்குப் பூட்டியதில்லை. சாயங்காலம் டீச்சர் கிளம்பியதும், எங்களில் ஒருத்தி முறைப்படி பிள்ளைகளோடு இருப்பாள். சாமிக்குப் படைத்ததும் முதல் வாளிச் சோறு பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. அதைப் பெரியவரே தூக்கிக்கொண்டு வருகிறார், செருப்பில்லாமல்.

என் மகள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அவளைக் கட்டிவைத்த புடவைத் துணி இன்று என் இட்லிப் பானையை இறக்கும் கரித்துணியாகக் கிடக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று மனம் குறுகுறுக்கும், ஒருநாள் கேட்டே விட்டோம் என்று அடுத்த நிமிடமே நிமிர்ந்துகொள்ளும்.