பசியாறல் கணக்கில் வராது

படுத்து உறங்கி நெடுநாளாகிறது. கூடத்துச் சோபாவின் ஓரத்தில் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில்தான் கண்ணை மூடுகிறேன். முழுதாகப் படுத்தால் வயிற்றில் இருக்கிற புளிப்பு தொண்டைக்கு ஏறி வந்துவிடும். எரிச்சல் என்று சொன்னால் சரியாகச் சொன்னதாகாது. மிளகாய் அரைத்த கையால் யாரோ தொண்டைக்குள் தடவிவிட்ட மாதிரி இருக்கும். மறுநாள் வேலைக்குப் போனால் குரல் எழும்பாது. தெப்ராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வையாளர். குரல் இல்லாத மேற்பார்வையாளரை யார் மதிப்பார்கள்? கையைக் காட்டிக் காட்டியே பொழுது ஓடுகிறது.

இதற்கெல்லாம் மூலம், சில வருடங்களுக்கு முன் நான் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை. உடம்பு இளைக்க வேண்டும் என்று வயிற்றின் பெரும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து வைத்தார்கள். இளைக்கவும் செய்தேன். இப்போது இறங்கிய எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. கூடவே இந்த எரிச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்த டாக்டர், கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஓர் அறுவை செய்யலாம் என்றார். மிச்சமிருக்கும் வயிற்றை இன்னும் சின்னதாக்கி, குடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதோடு இணைப்பார்களாம். எரிச்சல் பெரும்பாலும் நின்றுவிடும், எடையும் ஓரளவு இறங்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிப்பதும் ஒரு வேலைதான். அதற்கும் தெம்பு வேண்டும்.

முதல் தடவை என்னிடம் தெம்பு இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று துணிந்து போனேன். குண்டாக இருந்த காலத்தில் கல்யாணப் பந்தியில் என் இலையைப் பார்த்தவர்கள், இளைத்த பிறகு என் கழுத்தைப் பார்த்தார்கள். "இனிப்பு நீரா?" என்று காதோரம் வந்து விசாரித்தார்கள். சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். இல்லை, ஆபரேஷன் என்று சொன்னால் இன்னும் மோசம். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாளாம் என்று என் நாத்தனார் சொன்னது, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்தது. நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். கோபத்தோடு சேர்த்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இப்போது மறுபடியும் போய்ப் படுத்தால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். மறுபடியுமா என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லச் சோம்பியே பல வாரங்களைத் தள்ளிவிட்டேன்.

அறுவை முடிந்த புதிதில் பசி என்பதே இல்லாமல் போயிற்று. அதைப் பெரிய பாக்கியம் என்று நினைத்தேன். சோற்றில் இரண்டு கரண்டி இறங்கினால் கழுத்து வரை நிறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் குமட்டும். எனக்கு அது சுகமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்.

அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லை தாண்ட வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது முகமெல்லாம் புகை படிந்து திரும்பி வருவார். பிள்ளைகள் வேலை என்று கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். உலு திராமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. அவர் குளித்துவிட்டு வந்ததும் இருவரும் அங்கே போய் உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் குடிப்போம். ஒரு நாளில் நாங்கள் முகம் பார்த்துப் பேசுவது அந்த ஒரு நேரம்தான். நான் வெந்நீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்ததும், என் எதிரே தின்ன அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அவசரமாகத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். முன்பெல்லாம் பரோட்டா மாதிரி நெய் விட்டுச் சுடும் ரொட்டி சானாய் என்றால் உயிரை விடுவார். எனக்கு ஆபரேஷன் ஆன பிறகு அதைத் தொடுவதே இல்லை. கொழுப்புக்குப் பயந்து விட்டுவிட்டார், என் வயிற்றை வெட்டியதில் இவருக்காவது புத்தி வந்ததே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், அவர் பசி தாங்காமல் வாங்கிய பீசாங் கோரெங்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழம். சிக்காமல், குமட்டாமல் இறங்கியது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு சொன்னார். அன்றிலிருந்து வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தும்போதே, "வா, பசியாறலாம்," என்று குரல் கொடுப்பார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பேன்.

அறுவைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். அவர் லீவு போடுவது தீபாவளிக்கும் சாவுக்கும்தான். ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஆன்ட்டி என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டாள். அதற்காகவே இவளிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு வேளைதாம்மா. மத்தியானம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். அதுவும் ரெண்டு கரண்டிக்கு மேல இறங்காது," என்றேன்.

சத்தியமான வார்த்தை. அவள் கணினியில் தட்டிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினாள். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் எடை ஏற வழியில்லையே, தைராய்டு பார்த்தீர்களா, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் மேல் குற்றமில்லை, உடம்புதான் கோளாறு என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ படித்த பெண்ணே சொல்கிறாள். அந்த நேரத்தில்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார் என் வீட்டுக்காரர்.

"பசியாறுறத சொல்லலையே நீ," என்றார்.

அந்தப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன. என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

வெளியூர்த் தமிழருக்கு இது விளங்காது. யோங் பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்களுக்குச் சோறு மட்டும்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் பசியாறல். காலையில் பசியாறுவோம், வேலைக்கு நடுவே பசியாறுவோம், சாயங்காலம் பசியாறுவோம். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், வயிறு முட்டப் பசியாறியிருந்தாலும் இன்னும் இல்லை என்றுதான் வாயில் வரும். நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறுதானே என்று கேட்டுவிடாதீர்கள். அது காலையில் பொட்டலமாக வருகிறது, அதனால் பசியாறல். இதில் பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை. எங்கள் பேச்சு அப்படி.

அவளும் எங்கள் பெண்தான். சிரித்துவிட்டாள். தன் அம்மாவும் இப்படித்தான் கணக்குச் சொல்வார் என்றாள்.

"அக்கா, அதுவும் சாப்பாடுதான்லா. சொல்லுங்க, எப்பெப்ப பசியாறுவீங்க?"

சொன்னேன். காலையில் கேன்டீனில் பாதிப் பொட்டலம் நாசி லெமாக். அப்புறம் சோதனை மேசையில் டப்பாவில் வைத்திருக்கும் பிஸ்கட், தேநீரில் நனைத்து. யாராவது பிறந்தநாள் என்று கேக் கொண்டுவந்தால் அது. சாயங்காலம் அவரோடு உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், இல்லாவிட்டால் பொரித்த வாழைப்பழம், கூடவே தே தாரிக். இரவில் தொலைக்காட்சிக்கு முன்னால் முறுக்கு. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அதற்குப் புளிப்பு காரணமில்லை.

அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தைத்த வயிற்றில் சோறும் கறியும் சிக்கும், நனைந்ததும் இனிப்பானதும் எண்ணெயில் பொரித்ததும் வழுக்கிக்கொண்டு போய்விடும், அதனால் உங்களை அறியாமலே இறங்குவதையே தேடித் தின்றிருக்கிறீர்கள் என்றாள். எரிச்சலுக்கு இந்த இரண்டாவது அறுவை நல்லதுதான், டாக்டர் சொன்னது சரிதான் என்றாள். ஆனால் எடைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். குடலை மாற்றி இணைத்த பிறகு சீனி போட்ட தேநீரும் பொரித்த வாழைப்பழமும் உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு மயக்கமே வரும். யோசித்து முடிவு செய்யுங்கள் என்று அவளும் சொல்லி அனுப்பினாள்.

காரில் திரும்பினோம். வழியெல்லாம் ஜாம். அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அலுப்பாக இருந்தது. உடம்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டார்களே என்று ஆத்திரம். யாரோ பிடுங்கியிருந்தால் பொறுத்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற மனிதர், என்னோடு ஒரே தட்டில் கை வைத்துத் தின்கிற மனிதர், ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

பழக்கதோஷம், கார் அந்தக் கடை வாசலில்தான் போய் நின்றது. கடைக்காரர் கேட்காமலே இரண்டு தே தாரிக்கும் ஒரு தட்டில் கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தார். இருவரும் தொடவில்லை.

"எதுக்கு அங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

அவர் கரண்டியால் தேநீரைக் கலக்கினார். ஏற்கெனவே நன்றாக ஆற்றிக் கொண்டுவந்த தேநீர்.

"அந்தப் பிள்ள கேட்டுட்டு, அப்ப ஆபரேஷன் வேணாம், பசியாறுறத விட்டா போதும்னு சொல்லும்னு நெனச்சேன். நானும் சேர்ந்து விட்டுருவேன்."

"விட்டா இந்த எரிச்சல் போயிடுமா?"

"அது எனக்குத் தெரியல," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "போன தடவ ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், உனக்கு உள்ள ரத்தம் கசியுதுன்னு திரும்பக் கொண்டு போனாங்கள்ல. நர்ஸ் என்னைத் தேடியிருக்காங்க. நான் கீழ கேன்டீன்ல உக்காந்து ரொட்டி சானாய் பசியாறிக்கிட்டு இருந்தேன். மேல வந்து பார்த்தா கட்டில்ல நீ இல்ல. விரிப்பெல்லாம் எடுத்துட்டாங்க. யாரும் ஒன்னும் சொல்லல. அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன். வாயில இன்னும் அந்த ரொட்டி இருந்துச்சு."

ரத்தம் கசிந்தது எனக்குத் தெரியும். திரும்பவும் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்க் கசிவை நிறுத்தினார்கள், பிழைத்துக்கொண்டேன். எனக்கு அது மயக்கத்தில் கழிந்த ஒரு பகல், அவ்வளவே. வெறும் கட்டிலுக்கு முன்னால் இவர் நின்றதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொழுப்புக்குப் பயந்து ரொட்டி சானாயை விட்டார் என்று நான் நினைத்தது ஞாபகம் வந்தது. நாத்தனாரிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கறிபாப் ஆறிப்போயிருந்தது. அறுவைக்குப் போய், இந்தத் தட்டையும் இந்த நேரத்தையும் விட்டுக்கொடுத்தால்தான் இனிமேல் நான் படுக்க முடியும் என்பது எனக்குப் புரிந்தது. விடுவதற்கு மனம் வரவில்லை. ஆனால் சோபாவை நினைத்தேன், அடுக்கிய தலையணைகளை நினைத்தேன், உள்ளறையில் தனியாக ஒரு பக்கமாகவே படுத்துப் பழகிவிட்ட இவரையும் நினைத்தேன். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. மற்றதைப் பற்றி யார் என்ன சொன்னால் என்ன என்று தோன்றியது.

"நான் செஞ்சுக்கறேங்க," என்றேன். "எடைக்காக இல்ல. எனக்குப் படுத்துத் தூங்கணும்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி இங்கே வந்தால் எனக்கு வெந்நீர் சொல்லுங்கள், உங்களுக்கு வேண்டியதை நீங்கள் தின்னுங்கள், ஓடாமல் உட்கார்ந்தால் போதும் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். எழுந்து காரை நோக்கி நடந்தபோது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தத் தடவ வீட்டுலயே பசியாறிட்டு வந்து உக்காருங்க. நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் எந்திரிக்காதீங்க."