மீன் கூடைக்கு இடம் விட்ட கரி பஸ்

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வருஷம் அது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் கூவமும் அடையாறும் ஊருக்குள் புகுந்திருந்தன. அதற்கும் முந்தின வருஷம், குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அரிசிக்கு ரேஷன், பெட்ரோலுக்கும் ரேஷன். பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அதில் வரும் வாயுவில்தான் வண்டி ஓடியது. எனக்கு இருபது வயது இருக்கும். மாம்பலத்தில் நாலு பஸ் வைத்திருந்த கம்பெனியில் கிளீனர்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர் வீட்டுக்காரர் ஒருவர், தன் கம்பெனி சார்பில் குப்பங்களுக்கு உதவி செய்யப் போகிறவர், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அவரைப் போலக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இது.

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் அன்னதானம் செய்வார். அந்த வருஷம், பசித்தவனைத் தேடிப் போய்ப் போடுவோம் என்று தோன்றியதாம். அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்த மீனவர் குப்பத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்டா அண்டாவாகப் புளியோதரையோடு கிளம்பினோம். ஓட்டியவர் ரஹீம் பாய்.

மாம்பலம் ஷெட்டிலிருந்து குளம் இரண்டரை மைல். குளத்திலிருந்து அடையாறு பாலம் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் மேலே. பாலம் ஏறும்போது கரி பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும். நான் இறங்கி அடுப்பைக் கிளறிவிட வேண்டும். பாலத்துக்கு அப்பால் ஒரு மைல் மணல், வண்டி போகாது. அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

குப்பத்தில் பெண்களே இல்லை. விடியற்காலை கரைக்கு வந்த மீனை எடுத்துக்கொண்டு எல்லோரும் மயிலாப்பூருக்கு நடந்து போயிருந்தார்கள். ஆண்கள் வலையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லப்பன் என்று ஒருவன் மட்டும் தோளில் கைக்குழந்தையைப் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தான். குழந்தை அழுதது. கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தான். துப்பிவிட்டு மறுபடி அழுதது. விரல் கனம்தான் இருந்தன அதன் கால்கள்.

"ஏம்ப்பா, தாய் எங்க?" என்றார் முதலாளி.

"மீன் விக்கப் போய்க்கீது சாமி. உச்சி வெயிலுக்குத்தான் வரும். அது வந்தாத்தான் இதுக்குப் பாலு. வேற எதயும் தொட மாட்டேங்குது. நாளுக்கு நாள் இளைச்சிக்கினே போவுது."

புளியோதரை ஆறிப்போனது. முதலாளி ஒரு படகு நிழலில் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் உச்சிக்கு வந்த பிறகு எல்லப்பன் மனைவி கன்னியம்மா வந்தாள். கூடையை வீசிவிட்டுக் குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். குழந்தை குடிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

அண்டாவைப் பார்த்து அவள் கேட்டாள்: "இது யாருது?"

"நாந்தாம்மா கொண்டாந்தேன். பஸ் கம்பெனிக்காரன்."

"கரி பஸ்ஸா? நீதானா அது! கூடயப் பாத்தா நிறுத்தாம போவுதே, அந்த பஸ்ஸு! ஒரு வேள சோத்த வெச்சிக்கினு இன்னா நைனா பண்றது? பஸ்ஸ நிறுத்து. நான் வெயில் ஏறதுக்குள்ள வந்து புள்ளைக்குப் பாலு குடுப்பேன்."

மீன் கூடை ஏற்றக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்தான். அவர் பாயைப் பார்த்தார். பாய் கடலைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து ஏத்துதோம்மா. காசு வேண்டாம்."

"சும்மா ஏத்தினா, கூட்டம் வந்தா மொதல்ல எங்களத்தான் எறக்குவே. காசு வாங்கிக்கோ. அப்பத்தான் சீட்டுல குந்துவேன்."

மறுநாள் காலை, முதல் பஸ். மற்றவர்களுக்கு நாற்றம் அடிக்கக்கூடாது என்று முதலாளியே யோசித்து, கூடைகளை வண்டிக்கு வெளியே, பின்பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார். குளத்தங்கரையில் அவிழ்த்துப் பார்த்தால் ஆவி பறக்கிறது. மீன் பாதி வெந்திருந்தது.

கன்னியம்மா ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். சதை கழன்று விழுந்தது. "சோறு வடிச்சிக்கினு வா நைனா. இங்கயே குந்தி சாப்ட்டுட்டுப் போலாம்" என்றாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்கு அவளுக்கு வியாபாரம் இல்லை.

நல்லது செய்யப்போய் இப்படி ஆனால் பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். முதலாளி சாயங்காலமே மறுபடி மணலில் நடந்து குப்பத்துக்குப் போனார். இந்த முறை அண்டா இல்லை. பாயும் கன்னியம்மாவும் பேசி ஒரு வழி சொன்னார்கள். முதல் பஸ்ஸில் கடைசி இரண்டு பெஞ்சைக் கழற்றி, தரையில் தகரம் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை வைத்தோம். அந்த நடை முடிந்ததும் நான் தகரத்தைக் கழுவிக் கரித்தூளைத் தூவித் தேய்ப்பேன். கரி நாற்றத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் குளத்தங்கரையில் ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏதோ ஒரு பஸ்ஸுல மீன் ஏத்தறாளாமே? ஆத்துல அதுல ஏறப்படாதுன்னு சொல்லி அனுப்பிச்சா" என்றார்.

"நீங்க குந்தினுகீறதே அதுலதான் சாமி" என்றார் பாய்.

பெரியவர் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். இறங்கவில்லை.

கன்னியம்மா காலை வெயில் சுடுவதற்கு முன்பே வீடு திரும்பினாள். மார்கழி பிறந்தபோது எல்லப்பன் குழந்தையைப் பாலத்தடிவரை தூக்கி வந்து எங்களுக்குக் காட்டினான். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. முதலாளி தொட்டுப் பார்த்தார்.

இப்போது போகிறவர்களுக்கு: மயிலாப்பூர்க் குளத்திலிருந்து அடையாறுக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது, ஆட்டோவும் கிடைக்கும். குப்பத்துக்குக் காலையில் போகாதீர்கள். பெண்கள் இருக்க மாட்டார்கள். மாலையில் போங்கள். முதல் தடவை வெறுங்கையோடு போனால் நல்லது, பேச்சு காதில் விழும். உங்கள் தொழில் அவர்களை எந்த இடத்தில் தள்ளி நிறுத்துகிறது என்று கேளுங்கள். அன்னதானம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பஸ்ஸை நிறுத்த பஸ்காரனால்தான் முடியும். அவர்கள் காசு கொடுக்கிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஏற்பாடு கெட்டுப்போகும், இரண்டாம் முறையும் போங்கள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. முதலாளி போனார், பாய் போனார். எல்லப்பனைக் கடல் கொண்டுபோனது. கன்னியம்மா பல்லெல்லாம் விழுந்து, நிறைந்த வயதில் போனாள். நானும் கிளம்புகிற வயதுதான். மடியில் கிடந்து சத்தம் கேட்கக் குடித்த அந்தக் குழந்தை இன்னும் அதே குப்பத்தில் இருக்கிறாள், ஏழு பேரப்பிள்ளைகளோடு. அவள் பெயர் அஞ்சலை.