வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் ஆஹென் நகரில் எங்கள் தேவாலய மண்டபத்துக்குக் கனடாவிலிருந்து ஒரு பூர்வகுடிப் பெண் பேச வந்திருந்தார். மீன் ரோல்ஸ் பொரிப்பது என் மனைவியின் பொறுப்பு. தட்டுத் தூக்குவது என் பொறுப்பு. ஆனால் அவளோ எண்ணெய்ச் சட்டியையும் என் தலையில் கட்டிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் பேசியதை எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் தமிழில் சொன்னார்.

அந்தப் பெண்ணின் முன்னோர் பிரித்தானிய அரசோடு ஒப்பந்தம் செய்தவர்கள். சூரியன் இருக்கும்வரை, ஆறு ஓடும்வரை நிலத்தைச் சேர்ந்து அனுபவிப்போம் என்பதுதான் அவர்கள் நினைவில் நின்ற பேச்சு. தாளில் இருந்ததோ, நிலம் முழுவதையும் விட்டுக்கொடுத்தோம் என்று. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தலைவர்கள் பேனாவைத் தொட, எழுத்தர் அவர்களுடைய கையெழுத்துக்குப் பதிலாக ‘X’ என்று புள்ளடி போட்டாராம்.

“பாவங்கள். இவரை மாதிரித்தான் கையெழுத்து வைச்சிருக்கினம்,” என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி, மண்டபத்துக்கே கேட்கும்படி.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. என் அகதி விசாரணை முடிந்தபோது, எழுதியதைத் தமிழில் திருப்பி வாசிக்கவா என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் களைத்துப்போயிருந்தார். பெரிய இடத்து ஆட்களை அலைக்கழிக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். “வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்,” என்று சொல்லிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தேன். இலங்கையில் ஆமி என்னை மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தது. தாளில் அது மூன்று நாளாகியிருந்தது. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

எனக்குப் பிறகு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த மனைவியின் விசாரணைதான் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி. அவளுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால் எனக்கும் கிடைக்கும். அந்தக் கூட்டத்துக்கு மறுகிழமை அதற்கு டெர்மின், அதாவது நாள், குறித்திருந்தார்கள். நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, உள்ளே விசாரணை முடிந்ததும் அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தாராம். இவள் மொழிபெயர்ப்பாளரிடம், “பசிச்சால் சாப்பிட்டிட்டு வரச் சொல்லுங்கோ, நான் இருக்கிறன். வாசிச்சுக் காட்டாமல் கையெழுத்து வைக்க ஏலாது,” என்றிருக்கிறாள்.

வாசித்தார்கள். ஐந்தாம் பக்கத்தில், அவளுடைய தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்துக்கொண்டு வரும்வரை அதைத் தொடவேயில்லை.

சில மாதம் கழித்து ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்தேன். அவள் அத்தோடு விடவில்லை, என்னை உட்காரவைத்து, தத்தித் தத்தி ஜெர்மனில் முழுவதையும் வாசித்தாள். தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது என்ற வரி வந்ததும் அழுதாள். ஒரு அரசாங்கத் தாளில் அது உள்ளபடி எழுதப்பட்டிருந்ததை அவள் தன் கண்ணால் வாசித்தது அன்றைக்குத்தான்.